90 டாலர் கிதார்

வாங்கும்போதே அது பழைய கிதார். அதற்கு 90 டாலர் கொடுத்ததாக ஜாக்கோ பாஸ்டோரியஸ் சொல்லுவது வழக்கம். அதை வைத்துக்கொண்டுதான் அவர் உலகப் புகழ் பெற்றார்.

அந்தக் கிதாரை அவர் தம் கையாலேயே பழுது பார்த்தார். பிறகு ஒரு காலம் வந்தது. அது துண்டு துண்டாக உடைந்தது. ஒட்டிக் கொடுத்தார்கள். ஒட்டிய சில மாதங்களில் திருட்டுப் போனது. 20 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கடையில் கிடைத்தது.

கிதார் கிடைத்தபோது ஜாக்கோ உயிரோடு இல்லை. 35 வயதிலேயே அவர் கதை முடிந்துவிட்டது.

கை முறிந்த சிறுவன்

ஜாக்கோ அமெரிக்கர். பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள நாரிஸ்டவுன் என்ற ஊரில் 1951-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி பிறந்தார். மூன்று ஆண் பிள்ளைகளில் மூத்தவர். தந்தை டிரம் வாசிப்பவர். இரவு விடுதிகளில் பாடுபவர்.

சிறு வயதிலேயே குடும்பம் தெற்கே புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தது. போர்ட் லாடர்டேல் நகரத்தை ஒட்டிய ஓக்லண்ட் பார்க் என்ற ஊரில் வளர்ந்தார். கடற்கரைச் சீமை. வெயிலும் புழுக்கமும் நம்மூர் போலவே இருக்கும். காற்றில் எப்போதும் ஈரம். இந்த ஈரத்துக்கு இந்தக் கதையில் ஒரு வேலை இருக்கிறது.

பக்கத்து ஊரான வில்ட்டன் மேனர்சில் உள்ள கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் சிறுவன் படித்தான். தேவாலயத்தில் பூசைக்கு உதவும் பையனாகவும் இருந்தான். விளையாட்டு என்றால் உயிர். ஜாக்கோ என்பது அவனுடைய சொந்தப் பெயர் அல்ல. தந்தையின் பெயரும் பாட்டனாரின் பெயருமான ஜான் பிரான்சிஸ் பாஸ்டோரியஸ் என்பதே அவன் பெயர். பேஸ்பால் பந்தயங்களில் நடுவராக இருந்த ஜாக்கோ கான்லன் என்பவர் பெயரை ஒட்டி வந்த செல்லப் பெயர் நிலைத்துவிட்டது.

தந்தையைப் போலவே அவனும் டிரம் வாசித்தான். 13-வது வயதில் கால்பந்து ஆடும்போது விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அமெரிக்கக் கால்பந்து முரட்டு ஆட்டம். பிற்பாடு அறுவை சிகிச்சை செய்யும் அளவுக்குக் காயம் பலமாக இருந்தது. டிரம் வாசிப்பதற்கு மணிக்கட்டில் வலு வேண்டும். அந்த வலு போய்விட்டது.

அவன் சேர்ந்திருந்த இசைக்குழுவில் அந்தச் சமயம் பாஸ் கிதார் வாசித்தவர் விலகினார். டிரம் வாசிக்க வேறு ஆள் கிடைத்தான். காலியாக இருந்த இடத்தில் ஜாக்கோ நின்றான். விதி என்று சொல்லுவதா, தற்செயல் என்று சொல்லுவதா? எதுவானாலும் உலகத்துக்கு ஒரு பாஸ் கலைஞன் கிடைத்தான்.

பின்வரிசை வாத்தியம்

பாஸ் கிதார் என்றால் என்ன?

சாதாரணக் கிதாருக்கு ஆறு தந்திகள். பாஸ் கிதாருக்குப் பெரும்பாலும் நான்கு. தடித்த தந்திகள். மந்தர ஸ்தாயியில் பேசும். பாட்டின் அடியில் கிடந்து, சுருதியையும் தாளத்தையும் ஒன்றாகக் கட்டிப்பிடிப்பது அதன் வேலை.

கல்யாண வீட்டில் சமையல்காரர் எங்கே இருக்கிறார் என்று யாரும் கேட்பது இல்லை. சாம்பாரில் உப்பு குறைந்தால் தேடுவார்கள். இசைக் கச்சேரியில் பாஸ் வாசிப்பவருக்கும் அதே மரியாதைதான். அவர் பின்வரிசையில் நிற்பார். பாடுகிறவர் பெயர் தெரியும். அவர் பெயர் தெரியாது.

பழைய காலத்தில் இந்த வேலையை டபுள் பாஸ் என்ற வாத்தியம் செய்தது. ஆள் உயரத்துக்கு நிற்கும் மாபெரும் பிடில் என்று வைத்துக்கொள்ளலாம். தூக்கிப் போவதே பெரும் பாடு. கூட்டம் சத்தம் போட்டால் அதன் குரல் எடுபடாது.

கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்று ஒருவர் இருந்தார். ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவர். அவர் 1951-ல் மின்சாரத்தால் ஒலிக்கும் பாஸ் கிதாரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். தோளில் மாட்டிக்கொள்ளலாம். தந்திக்கு அடியில் காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கும். தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். அதை ஒலிபெருக்கி பெரிதாக்கும். 1960-ல் அதே கம்பெனி, ஜாஸ் பாஸ் என்ற இன்னொரு வகையையும் செய்தது.

டபுள் பாசுக்கும் பாஸ் கிதாருக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. வீணையையும் பிடிலையும் பார்த்தவர்களுக்கு அது உடனே விளங்கும்.

வீணையில் மெட்டுகள் இருக்கின்றன. எந்த இடத்தில் விரல் வைத்தால் எந்தச் சுரம் என்பதை மெட்டு காட்டிவிடும். பிடிலில் மெட்டு கிடையாது. வழவழப்பான பலகைதான். விரல் ஒரு நூல் தள்ளினாலும் அபசுரம். ஆனால் ஒரு சுரத்தில் இருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகலாம். மனிதக் குரலைப் போல் இழைக்கலாம்.

பாஸ் கிதார் மெட்டு வைத்தது. டபுள் பாஸ் மெட்டு இல்லாதது.

வெடித்த வாத்தியம்

17 வயது வாக்கில் ஜாக்கோவுக்கு ஜாஸ் இசையில் மோகம் பிறந்தது. ஜாஸ் கலைஞர்கள் டபுள் பாஸ் வாசித்தார்கள். அதன் ஆழ்ந்த, இழைந்த நாதம் அவரை மயக்கியது. குருவி சேர்ப்பது போல் பணம் சேர்த்து ஒரு டபுள் பாஸ் வாங்கினார். அவருடைய வரும்படிக்கு அது பெரிய செலவு.

புளோரிடாவின் ஈரக் காற்று அந்த வாத்தியத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. டபுள் பாசின் உடல் மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்த கூடு. ஈரம் ஏறினால் பலகை உப்பும். காய்ந்தால் சுருங்கும். உப்பியும் சுருங்கியும் ஒரு நாள் வெடித்துவிடும். அதைக் காப்பாற்ற ஜாக்கோ படாத பாடு பட்டார். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தார். வாத்தியம் பிளந்து கிடந்தது.

அத்துடன் டபுள் பாசுக்கு முழுக்குப் போட்டார். ஈரம் தாக்காத கனத்த கட்டையில் செய்த மின்சாரப் பாஸ் கிதாருக்கே திரும்பினார். ஆனால் டபுள் பாசின் நாதம் காதை விட்டுப் போகவில்லை. மின்சாரக் கிதாரில் அந்த நாதத்தை வரவழைக்க வேண்டும். இதுதான் அவர் தமக்கே போட்டுக்கொண்ட கணக்கு.

இந்தச் சமயத்தில் அவர் கைக்கு வந்ததுதான் அந்தப் பழைய கிதார். 1962-ம் ஆண்டில் செய்த பெண்டர் ஜாஸ் பாஸ்.

அன்று சாமான்; இன்று பொக்கிஷம்

பிற்காலத்தில் பழைய பெண்டர் கிதார்களுக்கு ஏற்பட்ட கிராக்கி சொல்லி முடியாது. 1965 ஜனவரியில் லியோ பெண்டர் தம் கம்பெனியை சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனத்துக்கு விற்றார். அதற்கு முன்னால் செய்த கிதார் என்றால் வாங்குகிறவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளுவார்கள்.

அதிலும் ஏமாற்று உண்டு. எனவே விவரம் தெரிந்தவர்கள் சும்மா வாங்க மாட்டார்கள். உடலையும் கழுத்தையும் இணைக்கும் நான்கு திருகுகளைக் கழற்றச் சொல்லுவார்கள். கழுத்தின் அடிப்பக்கத்தில், திருகினால் மறைந்து போகும் இடத்தில், செய்த தேதி இருக்கும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் உள்ள உறுப்பிலும் எண் பொறித்திருக்கும். பூச்சு அசலா, மறுபூச்சா என்று பார்ப்பார்கள். கம்பி இணைத்த ஈயப் பற்று யாரும் தொடாததா என்று பார்ப்பார்கள். கழுத்து வளைந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நோக்குவார்கள். துப்பாக்கியைக் குறி பார்ப்பது போல இருக்கும்.

ஒரு மெட்டை மாற்றியிருந்தாலும் விலை இறங்கும். புதிதாக வர்ணம் பூசியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

1970-களின் தொடக்கத்தில் இந்த ஆரவாரம் எதுவும் இல்லை. பத்து வருஷத்துக் கிதார் என்றால் அது கை மாறிய சாமான். அவ்வளவுதான். ஜாக்கோ அதைப் பெட்டியில் பூட்டி வைக்க வாங்கவில்லை. வாசிக்க வாங்கினார். எனவே யோசிக்காமல் கத்தியை எடுத்தார்.

மெட்டு பிடுங்கிய கதை

ரொட்டியில் வெண்ணெய் தடவும் கத்தியால் மெட்டுகளை நெம்பி எடுத்ததாக ஒரு முறை சொன்னார். வாங்கும்போதே யாரோ மெட்டுகளை மோசமாகப் பிடுங்கியிருந்ததாக இன்னொரு முறை சொன்னார். தம்மைப் பற்றிக் கதை கட்டுவதில் அவருக்கு எப்போதும் ஆசை உண்டு. மெட்டு போன பிறகு நடந்த வேலை அவருடையது. அந்த வேலைதான் முக்கியம்.

மெட்டு என்பது ஒரு சிறு உலோகக் கம்பி. கழுத்தின் மேலுள்ள ரோஸ்வுட் பலகையில் மெல்லிய காடி வெட்டி அதில் அடித்து இறக்கியிருப்பார்கள். அதைப் பிடுங்கினால் காடியின் ஓரத்தில் மரம் சிம்பு சிம்பாகப் பெயரும். பலகை நெடுகக் குழியும் வெடிப்புமாகத் தெரியும். அப்படியே வாசித்தால் தந்தி கரகரக்கும்.

ஜாக்கோ அந்தக் காடிகளை மரச் சந்துகளை அடைக்கும் பிசினால் நிரப்பினார். காய்ந்ததும் தேய்த்துச் சமன் செய்தார். ஆனால் அத்துடன் விட முடியாது. அவர் விரும்பிய தந்தி, எஃகுக் கம்பியின் மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றியது. தொட்டால் சொரசொரக்கும். மணியான ஒலி கொடுக்கும். மெட்டு இருந்தால் உராய்வை மெட்டு தாங்கும். மெட்டு இல்லாத பலகையில் அந்தத் தந்தி அரம் போல் வேலை செய்யும். சில மாதங்களில் மரத்தைத் தின்றுவிடும்.

இதற்குக் கடற்கரைக்காரருக்குத் தோன்றக் கூடிய வழியே அவருக்குத் தோன்றியது. படகுக்குப் பூசும் எபாக்சிப் பூச்சை வாங்கி வந்தார். உப்புத் தண்ணீரில் மரம் ஊறாமல் காக்கும் பூச்சு அது. காய்ந்தால் கண்ணாடி போல் இறுகும். ஒரு பூச்சு பூசிக் காயவிட்டு, மேலே இன்னொரு பூச்சு. இப்படிப் பல பூச்சுகள். முடிவில் பலகை முழுவதும் பளபளவென்று கெட்டியான ஓடு போர்த்ததுபோல் ஆகிவிட்டது.

டபுள் பாசை ஈரம் பிளந்தது. இந்தக் கிதாருக்கு ஈரத்தோடு மல்லுக்கட்டும் படகுப் பூச்சே கவசம் ஆயிற்று!

வாசித்துப் பார்த்தார். தந்தி கெட்டியான பலகையில் பட்டும் படாமலும் துடித்தது. அடித்த சுரம் அடங்காமல் நீண்டது. நீளும்போதே மெல்ல மலர்ந்து பாடியது. நிரப்பிய காடிகள் கோடு கோடாகத் தெரிந்தன. கோட்டின் மேலேயே விரல் வைத்தால் சுருதி சுத்தமாக நின்றது. பிடிலின் குழைவும் மின்சாரத்தின் வலுவும் ஒரே வாத்தியத்தில் வந்துவிட்டன.

மெட்டு இல்லாத பாஸ் கிதார் அதற்கு முன்னும் உலகத்தில் இருந்தது. அதைப் பாட வைத்தவர் ஜாக்கோ.

மனைவி கொடுத்த சிபாரிசு

அவருக்கு 18 வயதிலேயே திருமணம் ஆகிவிட்டது. சீக்கிரமே ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. குடும்பம் நடத்தப் பணம் வேண்டும். கிடைத்த குழுவில் எல்லாம் வாசித்தார். 1972-ல் வெய்ன் காக்ரன் என்ற பாடகரின் குழுவோடு பஸ்சிலேயே ஊர் ஊராகச் சுற்றினார். ஓடுகிற பஸ்சில் உட்கார்ந்து, பல வாத்தியங்களுக்கு இசை எழுதக் கற்றுக்கொண்டார். மயாமி பல்கலைக்கழகத்தில் சில காலம் பாஸ் கற்றுக் கொடுத்தார்.

அந்த நாளில் ஜாக்கோவின் மனைவி போர்ட் லாடர்டேலில் ஒரு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தார். அங்கே வந்த இசைக்குழு ஒன்றில் பாபி காலம்பி என்ற டிரம் கலைஞர் இருந்தார். அவரிடம் அந்தப் பெண், தம் கணவரே உலகத்தில் சிறந்த பாஸ் கலைஞர் என்று சொன்னார். எந்த மனைவிதான் அப்படிச் சொல்ல மாட்டாள்? காலம்பி சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. கேட்டுத்தான் பார்ப்போமே என்று ஜாக்கோவை வரச் சொன்னார். வாசிக்கக் கேட்டார். மலைத்துப் போனார்.

காலம்பியின் தயாரிப்பில் ஜாக்கோவின் முதல் இசைத்தட்டு 1976-ல் வெளிவந்தது. முதல் உருப்படியே கேட்டவர்களைத் தூக்கி நிறுத்தியது. சாக்சபோன் மேதை சார்லி பார்க்கர் குழுவினர் வாசித்துப் பேர் பெற்ற அதிவேகமான ஒரு மெட்டை, பின்வரிசை வாத்தியமான பாஸ் கிதாரிலே, ஒரு தோல் வாத்தியத்தை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு ஜாக்கோ வாசித்திருந்தார். இன்னோர் உருப்படியில் தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டுத் தொட்டே, மணி அடிப்பதுபோல் நாதம் எழுப்பினார். அதற்குத் தம் மனைவியின் பெயரை வைத்தார்.

போ என்றவர் கூப்பிட்டார்

வெதர் ரிப்போர்ட் என்பது அந்தக் காலத்தில் புகழ் பெற்ற ஜாஸ் குழு. அதன் தலைவர்களில் ஒருவர் ஜோ சாவினுல். ஆஸ்திரியாவில் பிறந்தவர். அவர் மயாமிக்குக் கச்சேரி செய்ய வந்தார். வெளியே வந்தபோது ஒல்லியான ஓர் இளைஞன் எதிரே வந்து நின்றான். தன் பெயரைச் சொன்னான். உலகத்திலேயே பெரிய பாஸ் கலைஞன் தான்தான் என்றும் சொன்னான்.

சாவினுல் கோபமாகப் போகச் சொல்லிவிட்டார். இளைஞன் போகவில்லை. தான் வாசித்த ஒலிநாடாவை அவரிடம் சேர்த்துவிட்டான்.

ஒலிநாடாவைக் கேட்ட சாவினுல், இந்தப் பையன் மின்சாரப் பாசும் வாசிப்பானா என்று விசாரித்தார். தாம் கேட்டது டபுள் பாஸ் என்றே அவர் நினைத்துவிட்டார்! கேட்டது அந்தப் பழைய கிதார்தான். ஜாக்கோ தமக்குப் போட்டுக்கொண்ட கணக்குக்கு இதைவிட நல்ல விடை யார் கொடுக்க முடியும்?

1976-ல் ஜாக்கோ அந்தக் குழுவில் சேர்ந்தார். மறு ஆண்டு வெளிவந்த ஹெவி வெதர் என்ற இசைத்தட்டு அமோகமாக விற்றது. ஜோனி மிட்சல் என்ற பெரிய பாடகியின் தட்டுகளிலும் அவர் வாசித்தார். பாஸ் கலைஞர் மேடையின் பின்னால் நிற்பவர் என்ற வழக்கம் மாறியது. ஜாக்கோ முன்னால் வந்தார். ஆடினார். ஓடினார். குட்டிக்கரணம் போட்டார். ஊர் ஊராக இளைஞர்கள் தங்கள் கிதார்களின் மெட்டுகளைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். எத்தனை நல்ல கிதார்கள் பாழாயினவோ!

நோய்

இளமையில் மதுவின் பக்கம் போகாதவர் என்று பேர் எடுத்தவர் ஜாக்கோ. புகழ் வந்த பிறகு குடி பழகியது. போதைப் பொருளும் வந்து சேர்ந்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் குடியைக் காரணம் சொல்லுவது தவறு. அவருக்கு ஒரு நோய் இருந்தது. சில வாரம் தலைகால் தெரியாத உற்சாகம், தூக்கம் இல்லை, பேச்சு ஓயாது. பிறகு எழுந்திருக்கவும் மனம் இல்லாத சோர்வு. இருமுனை மனநோய் என்று டாக்டர்கள் இதைச் சொல்லுகிறார்கள். சர்க்கரை நோய் போல இதுவும் நோய்தான். விடாமல் மருந்து சாப்பிட்டால் கட்டுக்குள் வைக்கலாம். மதுவும் போதையும் சேர்ந்தால் எண்ணெய் ஊற்றிய நெருப்பு.

சுற்றி இருந்தவர்கள் பல ஆண்டுகள் இதை நோய் என்று அறியவில்லை. கலைஞனின் கிறுக்கு என்று ரசித்தார்கள். மேடையில் விசித்திரமாக நடந்தால் கை தட்டினார்கள்.

1982-ல் வெதர் ரிப்போர்ட் குழுவை விட்டுப் பிரிந்தார். சொந்தமாகப் பெரிய குழு சேர்த்தார். அந்த ஆண்டு ஜப்பானில் கச்சேரி. அங்கே தலையை மழித்துக்கொண்டார். முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டார். பாஸ் கிதார் ஒன்றை ஹிரோஷிமா அருகே கடலில் எறிந்தார். நல்ல வேளையாக அது இந்தப் பழைய கிதார் அல்ல. அந்த ஆண்டின் கடைசியில்தான் நோய்க்குப் பெயர் தெரிந்தது. மருந்து கொடுத்தார்கள். அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

கம்பெனிகள் கைவிட்டன. இரண்டு திருமணங்களும் முறிந்தன. நான்கு குழந்தைகளின் தந்தை, நியூயார்க்கில் வாடகை கொடுக்க முடியாமல் தெருவுக்கு வந்தார். இரவில் பூங்காவில் படுத்தார். பகலில் தெரிந்தவர்களிடம் காசு கேட்டார்.

ஒட்டிய கிதார்

இந்தக் கலவரத்தில் கிதாரும் தப்பவில்லை. உடலும் கழுத்தும் பல துண்டுகளாக உடைந்தன. வேறு யாருடைய கிதாராவது இருந்தால் அடுப்புக்குப் போயிருக்கும்.

1986-ல் கிதார் செப்பனிடும் இரண்டு கைவினைஞர்கள் அந்தத் துண்டுகளைப் பெற்றுக்கொண்டார்கள். உடைந்த மண்பானையைச் சேர்ப்பது போல் துண்டோடு துண்டைப் பொருத்தினார்கள். பசை போட்டுக் கிடுக்கியில் இறுக்கினார்கள். காணாமல் போன சிம்புகளின் இடத்தை நிரப்பினார்கள். மேலும் கீழும் மேப்பிள் மரத்தின் மெல்லிய தகட்டை ஒட்டி ஒட்டுத் தெரியாமல் மூடினார்கள். கழுத்தைச் சேர்த்தார்கள். தந்தி கட்டினார்கள்.

கிதார் மறுபடி பேசியது. அதை வைத்துக்கொண்டு, கிதார் கலைஞர் மைக் ஸ்டெர்னின் இசைத்தட்டுக்கு ஜாக்கோ வாசித்தார்.

சில மாதங்கள் கூடப் போகவில்லை. நியூயார்க்கில் ஒரு பூங்காவின் பெஞ்சியில் கிதாரை வைத்துவிட்டு அப்பால் போனார். திரும்பி வந்து பார்த்தார். பெஞ்சி காலி.

அதே கோடையில், ஜூலை மாதம், சகோதரரும் இரண்டாவது மனைவியாக இருந்தவரும் முயன்று அவரை பெல்வியூ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்தை மாற்றினார்கள். கொஞ்சம் தெளிவு வந்தது. டிசம்பரில் போர்ட் லாடர்டேலுக்கே திரும்பினார். பிறந்த வீடு போன்ற ஊர். அங்கேயும் வாரக்கணக்கில் தெருவிலேயே படுத்தார்.

கடைசி இரவு

1987 செப்டம்பர் 11-ந் தேதி அந்தப் பக்கத்தில் சான்டானா என்ற புகழ் பெற்ற கலைஞரின் கச்சேரி நடந்தது. ஜாக்கோ அழையாமல் மேடை ஏறினார். வெளியேற்றினார்கள். அங்கிருந்து வில்ட்டன் மேனர்சில் உள்ள ஓர் இரவு விடுதிக்குப் போனார். சிறுவனாக அவர் பள்ளிக்கூடம் போன ஊர் அது. விடுதியில் உள்ளே விட மறுத்தார்கள். கண்ணாடிக் கதவை உதைத்ததாகச் சொல்லப்படுகிறது. விடுதியை நிர்வகித்தவன் அடித்த அடியில் அவர் முகத்து எலும்புகள் நொறுங்கின. வலது கண்ணும் இடது கையும் சேதம் அடைந்தன. நினைவு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் சில நாள் தேறுவது போலத் தோன்றியது. பிறகு மூளையில் ரத்தம் பெருகியது. செப்டம்பர் 21-ந் தேதி ஜாக்கோ இறந்தார். 36 வயது நிறைய இரண்டு மாதங்களுக்கு மேல் இருந்தது.

அடித்தவன் கொலை அல்லாத மரணம் விளைவித்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டான். 22 மாதத் தண்டனை. நான்கே மாதத்தில் வெளியே வந்தான். இதைப் படிக்கிறவர்களுக்கு நெஞ்சு கொதிக்கத்தான் செய்யும்.

கடையில் கிடைத்தது

கிதார் என்ன ஆயிற்று? பல ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. போலிகள் வந்தன; வதந்திகள் வந்தன.

2006-ல் நியூயார்க்கில் பழைய கிதார் விற்கும் கடை ஒன்றில் அது தலை காட்டியது. வாசித்து வாசித்துத் தேய்ந்த கிதார். ஒட்டுப் போட்ட உடம்பு. பழைய கிதார்களில் ஒட்டு இருந்தால் விலை இறங்கும் என்று மேலே பார்த்தோம். இந்தக் கிதாரின் விஷயம் நேர்மாறு. எந்த வாத்தியத்துக்கும் அதே போன்ற எலும்பு முறிவும் அதே போன்ற கட்டும் இருக்க முடியாது. ஜாக்கோவின் வாத்தியத்தை அறிந்த பாஸ் கலைஞர்கள் பார்த்தார்கள். வாசித்தும் பார்த்தார்கள். அதுவேதான் என்றார்கள்.

ஆனால் கிதார் யாருக்குச் சொந்தம்? திருட்டுப் போன பொருள் என்றது குடும்பம். பணம் கொடுத்து வாங்கியது என்றார் கடைக்காரர். சில ஆண்டுகள் இழுபறி நடந்தது.

கடைசியில் ராபர்ட் டிருஹியோ என்பவர் குறுக்கே வந்தார். மெட்டாலிகா என்ற பெரிய ராக் குழுவின் பாஸ் கலைஞர். சிறு வயதில் ஜாக்கோவை மேடையில் பார்த்து மயங்கியவர். 2010-ல் அவர் பணம் கொடுத்து விவகாரத்தைத் தீர்த்தார். குடும்பத்தார் எப்போது விரும்பினாலும், தாம் கொடுத்த அதே விலைக்குக் கிதாரைத் திருப்பித் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். ஜாக்கோவின் வாழ்க்கையைப் படமாக எடுக்கவும் அவரே முன்நின்றார்.

ஜாக்கோ வளர்ந்த ஓக்லண்ட் பார்க்கில் ஒரு பூங்காவுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அவருடைய பிள்ளைகளில் கடைசி இருவர் இரட்டையர்கள். அவர்களில் ஒருவரான பீலிக்ஸ், பாஸ் கிதார் கலைஞர் ஆனார். தந்தை இறந்தபோது அவருக்கு வயது ஐந்து.